ஊற்றுப் பாதையும் ‘லெட்’ என்ற சொல்லும்

வீட்டு வாசலில் ‘டூ லெட்’ பலகை தொங்குவதைப் பார்த்தால் மற்றவர்கள் வாடகை என்ன இருக்கும் என்று யோசிப்பார்கள். நான் அந்தச் சொல்லை ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். “அந்தப் பலகை உன்னைய என்ன செஞ்சது?” என்று என் கணவர் கேட்பார். பலகை ஒன்றும் செய்யவில்லை. அதிலுள்ள சொல் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த நீதிமன்றம் என்று எழுதமாட்டேன். ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரும் வந்து இது யார் கதை என்று துருவ வேண்டாம். அப்படித் துருவுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது என் நாற்காலியில் ரேவதி என்ற பெண் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

“மேடம், கம்ப்யூட்டரே தமிழாக்கிக் குடுத்துருது. நான் சரிபார்த்தாப் போதுமாம். உங்க காலத்துல எப்படிச் செஞ்சீகன்னு எழுதிக் குடுங்க. புதுசா வாரவுகளுக்கு ஆகும்.”

“அது எப்பவாவது சந்தேகம் கேக்குமா?” என்றேன்.

“சந்தேகமா? தட்டுன உடனே குடுத்துரும் மேடம்.”

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பிறந்த ஊர் ஜெயமங்கலம். அப்பா நெல்லும் வாழையும் போட்டவர். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தேன். டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் பாஸ் செய்தேன். தேர்வு எழுதினேன், தட்டச்சராகச் சேர்ந்தேன், கல்யாணமாகி உத்தமபாளையம் வந்தேன், மொழிபெயர்ப்பாளரானேன். பிள்ளை பெற்றது, மாற்றலுக்கு அலைந்தது எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

எங்கள் வேலை பெரும்பாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான். வழக்கு மேல் முறையீட்டுக்குப் போகும்போது சாட்சிகள் தமிழில் சொன்னதை ஆங்கிலமாக்கி அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் சிரஸ்தார். நீதிமன்ற அலுவலகத்துக்கு அவர்தான் தலை. நான் இருந்த காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் கனகசபாபதி சார்.

அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அலுவலகத்துக்கு வரும் டீயைத் தொடமாட்டார். டீ வாங்கிக் கொடுத்தவன் எந்த வழக்கில் இருக்கிறானோ என்பார். மேசையில் மூலப் பத்திரம் இருந்தால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுவார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் மொழிபெயர்த்ததை உரக்க வாசிக்க வேண்டும். அவர் மூலத்தில் வரிக்கு வரி இரும்பு ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே கேட்பார். ஒரு சொல் உறுத்தினால் ஸ்கேல் நிற்கும். தலையைத் தூக்காமல் கேட்பார்: “இதுக்கு யாரு சாட்சி?”

சொல்லுக்கும் சாட்சி வேண்டும் அவருக்கு. நான் சொல்வதை நம்பமாட்டார். அகராதியையும் முழுதாக நம்பமாட்டார்.

சேர்ந்த புதிதில் ஒரு வெட்டு வழக்கு வந்தது. சாட்சி ஒரு பெண். ‘அவுக வந்தாக, அருவாளை எடுத்தாக, வெட்டுனாக’ என்று சொல்லியிருந்தாள். நான் ‘அவர் வந்தார்’ என்று ஒருமையில் ஆங்கிலமாக்கி வாசித்தேன். ஸ்கேல் நின்றது.

“வந்தாகன்னா எத்தனை பேரு?”

“ஒருத்தர் சார். புருஷனைத்தான் மரியாதையாச் சொல்றா.”

“புருஷன்னு இங்கன எங்க இருக்கு? கும்பலா வந்தாலும் வந்தாகதான். ஒருத்தன் வெட்டுனா ஒரு தண்டனை, கும்பலா வெட்டுனா வேற தண்டனை. யாரு சாட்சி?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் பக்கத்துப் பெண் பேசுவது எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாக்குமூலத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘அவுக போகும்போது செருப்பை விட்டுட்டுப் போயிட்டாக.’ போலீஸ் எடுத்தது ஒரே ஒரு ஜோடி ஆண் செருப்பு. அதைக் காட்டினேன். அவர் நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

அவரோடு வேலை பார்த்து எனக்கும் அந்தக் குணம் தொற்றிவிட்டது. மளிகைக் கடைச் சீட்டைக்கூட இரண்டு தடவை வாசிப்பேன்.

இனி அந்த வழக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அதற்கு மேலே ஒரு பெரிய தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு ஊற்று. கோடையிலும் வற்றாது. ஊர் போர்வெல் பங்குனியிலேயே இருமத் தொடங்கிவிடும். அதன் பிறகு குடிக்கவும் மாட்டுக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான். தோட்டத்தின் நடுவே ஒரு நடைபாதை உண்டு. தலைமுறை தலைமுறையாக அதில்தான் போய் வந்திருக்கிறார்கள்.

தோட்டம் வெள்ளைக்காரர் ஒருவர் போட்டது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் தேனியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் தங்கராஜ் வாங்கினார். வாங்கிய மறு வருஷம் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். ஊர் வழக்குப் போட்டது. ஊர் சார்பில் முன்னால் நின்றவர் பேச்சியம்மா. மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் பெண். அப்போது அறுபதை ஒட்டிய வயது.

தங்கராஜைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வராந்தாவில் அவர் தன் வக்கீலிடம் பொருமியது என் மேசைவரை கேட்கும்.

“சொட்டுநீர் பைப்பை எத்தனை தடவதான் அறுப்பாக? திராட்சை கொடியில இருந்து பெட்டிக்கு வரங்குள்ள பாதி காணோம். யாருன்னு கேட்டா, தண்ணிக்குப் போனோம்ங்கிறாக. குடத்துக்குள்ள என்ன இருக்குன்னு நான் தெனமும் எட்டிப் பாக்கவா?”

பேச்சியம்மா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவர் காதுபடத்தான் தங்கராஜ் பேசுவார். பேச்சியம்மாவும் சளைக்காமல் யாரிடமோ சொல்வதுபோல் சொல்லுவார்: “பைப்பைக் கடிக்கிறது காட்டுப்பன்னி. பன்னி மேல பழி போட்டா எடுபடாதுல்ல, அதான் எங்க மேல போடுறாக.”

இரு தரப்பும் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது தங்கராஜ் தரப்பு ஒரு பழைய ஆங்கிலப் பத்திரத்தைத் தாக்கல் செய்தது. தோட்டத்தின் மூலப் பத்திரங்களோடு சேர்ந்து கைமாறி வந்தது. வெள்ளைக்கார முதலாளியும் ஊர்ப் பெரியவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம். பெரியவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரிதான் தங்கராஜுக்குத் துருப்புச்சீட்டு. தோட்டக்காரரும் அவருக்குப் பின் வருகிறவர்களும் ஊற்றுக்குப் போகிற ஊராரை எக்காலத்திலும் ‘லெட்’ செய்யக் கூடாது என்று அது சொன்னது.

லெட் என்றால் விடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போதாததற்கு ஊரார் என்ற சொல்லுக்கு அடுத்து ‘இன்’ என்று வேறு இருந்தது. ‘லெட் இன்’ என்றால் உள்ளே விடு. ஆக, ஊராரை உள்ளே விடக் கூடாது என்று முப்பாட்டன் காலத்திலேயே ஒத்துக்கொண்டு கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். தங்கராஜின் வக்கீல் அப்படித்தான் தமிழாக்கமும் இணைத்திருந்தார். ஊர் தரப்பு வக்கீல் ஆடிப்போய், பத்திரமே போலி என்று மனுப் போட்டார்.

நீதிபதி இரண்டு பேரையும் நம்பவில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்று உத்தரவிட்டார். பத்திரம் என் மேசைக்கு வந்தது. மின்விசிறி நின்றது.

நானும் முதல் வாசிப்பில் விடக் கூடாது என்றுதான் புரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு உறுத்தியது. அதே பத்திரத்தில் முன்னாலேயே, ஊரார் தங்கள் மேய்ச்சல் சரிவைத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று இருந்தது. மேய்ச்சலையும் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்து, அதற்குக் கைநாட்டும் வைப்பார்களா? வைக்க மிரட்டியிருக்கலாம். மிரட்டுகிறவன் ஒப்பந்தம் எதற்கு எழுதுகிறான்? கேட்டைப் பூட்டினால் போதுமே.

வாக்கியமும் இடித்தது. விடு என்ற பொருளில் வந்தால் லெட்டுக்குப் பின்னால் இன்னொரு வினை வரும். போக விடு, வர விடு என்பதுபோல. இங்கே அப்படி இல்லை. அந்த ‘இன்’ உள்ளே என்பதற்கான இன் இல்லை. அடுத்து வரும் ‘அவர்கள் போகையில்’ என்ற சொற்களோடு சேர்ந்தது. ஊராரை அவர்கள் போகையில் ‘லெட்’ செய்யக் கூடாது. போகையில் என்ன செய்வார்கள் ஒரு ஆளை?

அலுவலகத்து அகராதி சின்னது. அதில் விடு, வாடகைக்கு விடு என்பதற்குமேல் இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதி உண்டு என்று தெரியும். சனிக்கிழமை போனேன். நூலகர் தடிமனான அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, “இதுக்கு இப்ப நல்ல கிராக்கிம்மா. இப்பத்தான் ஒரு வக்கீலும் வந்து பாத்துட்டுப் போனாக” என்றார். எந்த வக்கீல் என்று கேட்டேன். பெயர் தெரியவில்லை, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தார் என்றார். கறுப்புக் கோட்டை மடித்து வைத்திருக்கும் வக்கீல்கள் எங்கள் பக்கம் நூறு பேர் இருப்பார்கள்.

அகராதியில் லெட் என்று இரண்டு வினைச்சொற்கள் தனித்தனியாக இருந்தன. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான், பிறப்பு வேறு. ஒன்று நாம் அறிந்த விடு. மற்றது வழக்கொழிந்த பழைய வினை. அதன் பொருள்: தடு, மறி, தாமதப்படுத்து. தாமதம் என்பதற்கு நாம் சொல்லும் ‘லேட்’ அதற்கு உறவு. ஒருவரை அவர் போகையில், செய்கையில் மறிப்பது என்று காட்டிய எடுத்துக்காட்டுகளில் அதே ‘இன்’ வந்தது.

நேர் எதிர்ப் பொருள். ஊராரை விடக் கூடாது என்பது, ஊராரைத் தடுக்கக் கூடாது என்று புரண்டுவிட்டது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரே சொல்லுக்கு இப்படி ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்தால் என்னை யார் நம்புவார்கள்?

திங்கட்கிழமை கனகசபாபதி சாரிடம் வாசித்தேன். ‘தடுக்கக் கூடாது’ வந்ததும் ஸ்கேல் நின்றது. முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“உங்களுக்கு ஜெயமங்கலம்தானே? அந்த ஊருல சொந்தக்காரவுக யாரும் உண்டா?”

“இல்ல சார்.”

“தெரிஞ்சவுக?”

“யாரும் இல்ல சார். கல்லூரி நூலகத்து அகராதில இருக்கு. நகல் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அகராதில ரெண்டும் இருக்கு. ரெண்டுல நீங்க ஏன் இதை எடுத்தீக? அகராதி அதுக்குச் சாட்சி சொல்லாது. இந்தப் பத்திரத்துக்குள்ள இருந்தே ஒரு சாட்சியக் கொண்டாங்க. இல்லாட்டி நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பத்திரத்தை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு வரியாக, இந்த முறை வினைச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. ஊற்றுக்குப் போகிறவர்கள் பாதையோரம் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கிக்கொள்ள அனுமதிக்கப்படுவார்கள் என்று ஒரு சின்ன நிபந்தனை. அனுமதி என்பதற்கு எழுதியவர் போட்டிருந்த சொல் ‘பெர்மிட்’. விடுவதைச் சொல்ல அவரிடம் வேறு சொல் இருந்திருக்கிறது. அதோடு, உள்ளே வரவே கூடாதவர்கள் பாதையோரம் சுள்ளி எப்படிப் பொறுக்குவார்கள்?

கனகசபாபதி சார் அந்த வரியில் ஸ்கேலை வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “இனிமே பத்திரமா இருங்க. வீட்டுக்கு எது வந்தாலும் சொல்லுங்க” என்றார்.

அவர் வாக்குப் பலித்தது. அந்த வாரமே, வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே உரிக்காத தேங்காய்கள். என் கணவர் மின்வாரியத்தில் இருந்தார். அவரும் அப்போதுதான் வந்து நின்றார்.

“யாரு குடுத்தா?”

“எனக்கென்ன தெரியும்?”

“உனக்குத் தெரியாம உன் வாசல்ல யாரு போடுவா?” என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஜமீலாக்காவிடம் கேட்டால், ஆட்டோவில் ஒருவன் இறக்கிப் போட்டான், ‘அம்மாவுக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டுப் போனான் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது.

மூட்டையை அதே ஆட்டோக்காரனைத் தேடிப்பிடித்துத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நான் சாருக்குப் போன் செய்தேன்.

“தொட்டீகளா?” அதுதான் அவருடைய முதல் கேள்வி.

“சாக்கு வாயை மட்டும் பிரிச்சுப் பார்த்தேன் சார். திருப்பி அனுப்பிறட்டுமா?”

“யாருக்கு அனுப்புவீக? அனுப்புனா, குடுத்தது யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிரும். தூரப் போட்டா, வாங்கிக்கிட்டு மறைச்சிட்டீகன்னு ஆயிரும். அப்படியே கட்டிக் காலைல கோர்ட்டுக்குக் கொண்டாங்க.”

கொண்டுபோனோம். நீதிபதியிடம் எழுத்தில் தெரிவித்தோம். மூட்டைக்கு முத்திரை வைத்து, வழக்குச் சொத்துகள் வைக்கும் அறையில், அரிவாள்களுக்கும் திருட்டு சைக்கிள்களுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்கள். ‘அனுப்பியவர் தெரியவில்லை’ என்று பதிவு.

இரண்டு தரப்பிலும் எனக்குச் சந்தேகம். ஊர்க்காரர்கள் நன்றிக்கு அனுப்பினார்களா? ஆனால் மொழிபெயர்ப்பை நீதிபதி இன்னும் திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கவே இல்லை. தங்கராஜ் தோட்டத்தில் தென்னை உண்டு. என்னைச் சிக்கவைக்க அனுப்பினார்களா? வராந்தாவில் பேச்சியம்மா தலையாட்டிக் கும்பிட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தங்கராஜ் வணக்கம் சொன்னாலும் அப்படியே.

மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் மொட்டைப் பெட்டிசன் வந்தது. பெயர், ஊர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரர்களிடம் தேங்காய் மூட்டை வாங்கித் தின்றுவிட்டுப் பொருளைத் தலைகீழாக மாற்றிவிட்டார், கல்லூரி நூலகத்துக்குப் போய் அதற்குத் தோதான அகராதியைத் தேடிப் பிடித்தார் என்று அதில் இருந்தது.

நீதிபதி என்னை அழைத்து வாசித்துக் காட்டினார். தேங்காய் மூட்டை வந்தது ஊருக்கே தெரியும். நூலகம் எப்படித் தெரியும்? அதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். என் மேலதிகாரியிடம்.

அன்றைக்கு முழுக்க அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரித்தவர். என்னைச் சந்தேகப்பட்டவர். சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

“சார், அந்தப் பெட்டிசனை நீங்க எழுதுனீகளா?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஸ்கேலைத் துடைத்து மேசை டிராயரில் வைத்தார்.

“கேட்டீகளே, அது நல்லது. மனசுல வச்சிருந்தா அழுகிப்போயிரும். நான் எழுதியிருந்தா, தேங்காயைத் தின்னுட்டாகன்னு எழுதுவேனா? அது ஸ்டோர்ல பூட்டிக் கெடக்குன்னு எனக்குத் தெரியுமே. சாவியே என்கிட்டத்தான் இருக்கு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் ஜன்னலைச் சாத்தப் போனார்.

“நூலகத்துல உங்களுக்கு முன்னாடி ஒருத்தரு வந்துட்டுப் போனதாச் சொன்னீகளே, அவுக உங்களைப் பாத்திருக்கலாம்ல, யோசிங்க” என்றார் அங்கிருந்தே.

கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது. ஆனால் எனக்குச் சாட்சி இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கராஜின் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டு வாங்கினார். மொழிபெயர்ப்பாளர் கூண்டில் ஏறுவது எங்கள் பக்கம் அபூர்வம். பார்க்க மற்ற வக்கீல்களெல்லாம் வந்து நின்றார்கள். பின் பெஞ்சில் ஒரு ஓரம் பேச்சியம்மா, மறு ஓரம் தங்கராஜ்.

வக்கீல் நிதானமானவர். குரலை உயர்த்தவே மாட்டார். என் ஊர், என் அப்பா, யார் யார் உறவு என்று கேட்டார். பிறகு தேங்காய்க்கு வந்தார்.

“மூட்டை உங்க வீட்டு வாசலுக்கு வந்தது உண்மைதானே?”

“உண்மை.”

“அதுல எத்தனை காய் சமையலுக்கு எடுத்தீங்க?”

நான் பதில் சொல்லும் முன்பே நீதிபதி கனகசபாபதி சாரைப் பார்த்தார். அவர் போய் மூட்டையைத் தூக்கிவரச் செய்தார். சாக்கின் முத்திரை உடையாமல் இருந்தது. ஆனால் துணியைக் கிழித்துக்கொண்டு பச்சையாகக் குருத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூட்டிய அறையின் ஈரத்தில் அவை முளைத்துவிட்டிருந்தன. கோர்ட்டே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டு, “அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்” என்றார்.

சிரிக்காமல் இருந்தவர்கள் நானும் கனகசபாபதி சாரும்தான்.

பிறகு வக்கீல் சொல்லுக்கு வந்தார். “லெட் என்றால் இன்றைக்கு என்ன பொருள்?”

“விடு என்று பொருள்.”

“தடு என்ற பொருளில் இன்றைக்கு யாராவது எழுதுகிறார்களா?”

“வினையாக யாரும் எழுதுவதில்லை.”

“நன்றி” என்று உட்காரப் போனார். நீதிபதி குறுக்கிட்டார். “அந்தப் பழைய பொருளுக்கு இன்றைக்கு எங்கேயுமே தடயம் இல்லையா?”

அகராதியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒன்று நிரடிக்கொண்டிருந்தது. ஜமீலாக்காவின் மகன் வளைகுடாவுக்குப் போகும்போது அவனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவன் பாஸ்போர்ட்டை வாங்கி மறுபடி பார்த்து வைத்திருந்தேன்.

“இருக்கிறது ஐயா. நம் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில், இதை வைத்திருப்பவரை எந்த ‘லெட்’டும் இடையூறும் இல்லாமல் போக அனுமதிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அங்கே லெட் என்றால் தடை. மேலே இந்தியிலும் தடை என்றுதான் இருக்கிறது.”

வக்கீல் எழுந்தார். தயங்கவே இல்லை. “பாஸ்போர்ட்டில் இருப்பது பெயர்ச்சொல், ஐயா. பத்திரத்தில் இருப்பது வினைச்சொல். பெயர்ச்சொல் பிழைத்திருப்பதால் வினையும் அதே பொருளில்தான் வந்தது என்று ஆகிவிடாது.”

நல்ல வாதம். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதை அவர் சொன்ன வேகம் இருக்கிறதே, முதல்முறை கேட்பவர் அப்படிப் பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தவர்தான் சொல்ல முடியும். அது எனக்குப் புரிந்தது. பின் பெஞ்சில் தங்கராஜுக்கும் புரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் வக்கீலின் முதுகைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அன்றுவரை அவர் பேச்சியம்மாவை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் தங்கராஜ் என்னை வழிமறித்தார். “அம்மா, ஏலக்காய் யாவாரத்துக்கு எத்தனையோ தடவை துபாய் போயிருக்கேன். பாஸ்போர்ட்ல அப்படியா போட்டிருக்கு?”

“வீட்டுக்குப் போய் நீங்களே பாருங்க.”

“அப்ப எங்க வக்கீலுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சேதான் இந்தப் பத்திரத்தைப் போட்டாகளா?”

“அதை என்கிட்டக் கேக்காதீக. அவுககிட்டக் கேளுங்க.”

தீர்ப்பு ஊருக்குச் சாதகமாக வந்தது. நீதிபதி அகராதியை வைத்து மட்டும் முடிவெடுக்கவில்லை. மேய்ச்சலைக் கொடுத்து ஊரார் பெற்றது என்ன என்று பத்திரத்தையே கேட்க வேண்டும் என்று எழுதினார். சுள்ளி பொறுக்கும் வரியையும் ‘பெர்மிட்’ என்ற சொல்லையும் எடுத்துக்காட்டினார். தங்கராஜ் அப்பீலுக்குப் போகவில்லை. பூட்டை எடுத்துவிட்டு, ஆளும் மாடும் போகிற அளவுக்குத் திறந்துமூடும் கேட்டாக மாற்றினார் என்று கேள்விப்பட்டேன். ஒரு காவலாளியையும் போட்டாராம். அவர் சந்தேகம் அவருக்கு.

தேங்காய் அனுப்பியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டிசன் எழுதியது யார் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. கனகசபாபதி சார் ஓய்வு பெற்று மதுரைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்த மலையடிவாரத்துக்குப் போக வேண்டியிருந்தது. முகூர்த்தம் முடிந்து வெளியே வந்தால், எதிரே பேச்சியம்மா. முடி முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் பிளாஸ்டிக் குடம். என்னை அடையாளம் கண்டு நின்றார்.

“கோர்ட்டு அம்மால்ல நீங்க? அங்கன பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீகளே.”

“அப்ப பேச முடியாது ஆத்தா. பேசுனா அதுக்கும் ஒரு பெட்டிசன் போடுவாக.”

சிரித்தார். அவர் வீட்டு வாசலைக் காட்டினார். கூப்பிடு தூரம்தான். முன்னால் புதுசாக நீலக் குழாய், பித்தளைத் திருகு. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டதாம். தண்ணீர் நன்றாகவே வருகிறதாம்.

“அப்புறம் எதுக்கு ஆத்தா குடத்தைத் தூக்கிக்கிட்டு?”

அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, நீங்க படிச்சவுக. நான் ஒண்ணு கேக்கேன். அந்த இங்கிலீஸு வார்த்தை எங்க தாத்தன் காலத்துல தடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அப்புறம் விடக் கூடாதுன்னு ஆச்சு. நீங்க வந்து மறுபடியும் தடுக்கக் கூடாதுன்னு எழுதுனீக. சரி. நாளப்பின்ன நீங்க எழுதுன தமிழு வார்த்தையும் இப்படித் திரும்பிராதுன்னு என்ன நிச்சயம்?”

திரும்பாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பத்திரத்தை எழுதியவரும் அப்படித்தானே நினைத்திருப்பார்?

“தெரியல ஆத்தா” என்றேன்.

“அதான்” என்றார். “வீட்டுல தண்ணி வருது, வரட்டும். நான் தெனமும் ஒரு நடை போயிட்டு வந்துருவேன். எனக்கு முடியாத அன்னைக்கு மருமக போவா. வார்த்தை எப்படி வேணாத் திரும்பட்டும், கால்தடம் அழியக் கூடாது.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நடந்தார். கேட்டருகே உட்கார்ந்திருந்த காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து திறந்துவிட்டான். அவர் அவனைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனார்.